சும்பா கிராமத்துக்குப் போகிறீர்களா? பாக்கு வாங்கிக்கொள்ளுங்கள்

இந்தோனேசியாவின் சும்பா தீவில் உள்ளடங்கிய கிராமத்துக்குப் போவதானால், வீட்டுக்காரருக்குக் கொடுக்க வழியில் சந்தையில் பாக்கும் சிரிஹும் வாங்கிக்கொள்ளுங்கள். சிரிஹ் என்று அங்கே பெரும்பாலும் மெல்லுவது வெற்றிலையை அல்ல, அந்தக் கொடியின் காயை. விரல் போல மெலிதாக, பச்சையாக இருக்கும். சுண்ணாம்பில் தொட்டுப் பாக்கோடு மெல்லுவார்கள். வீட்டுக்காரர் நீட்டினால் மறுக்காதீர்கள். பழக்கமில்லை என்றால் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டாலும் சரி. வாசலில் இருக்கும் பெரிய கற்பலகைகள் திண்ணை அல்ல, கல்லறைகள். கேட்காமல் உட்காராதீர்கள்.

ரூபியாவைச் சில்லறை நோட்டாக வைங்காப்பு மாதிரி அந்தத் தீவின் பெரிய ஊரிலேயே எடுத்துவிடுங்கள்.

அப்புறம், கடலோர நிலம் மலிவு என்று யாராவது ஆசை காட்டுவார்கள். 1960 நிலச் சட்டப்படி முழுச் சொத்துரிமை இந்தோனேசியக் குடிமக்களுக்கே. உள்ளூர்க்காரர் பெயரில் வாங்கிப்போடும் யோசனையும் சட்டப்படி செல்லாது.