வாட்ஸ் லோபெக்டமி: வெட்டிய மடலைப் பை கிழியாமல் வெளியே எடுப்பது எப்படி?

பயிற்சியில் இருக்கும் சர்ஜன்களுக்கான குறிப்பு இது. வாட்ஸ் லோபெக்டமி என்பது கேமராவின் உதவியோடு சிறு வெட்டுகள் வழியே நுரையீரலின் ஒரு மடலை அகற்றுவது. மடல் முழுதாக விடுபட்ட கட்டத்திலிருந்து தொடங்குகிறேன்.

புற்றுநோய் என்ற சந்தேகம் இருந்தாலே பை கட்டாயம். வெறும் மடலைத் துளை வழியே உருவினால் புற்றணுக்கள் தசையில் ஒட்டி, பின்னாளில் தழும்பிலேயே கட்டி வரலாம். காசநோய்க் குழி உள்ள மடலுக்கும் இதே விதிதான்.

சின்ன வெட்ஜ் (ஆப்பு வடிவில் வெட்டிய நுரையீரல்) துண்டுக்கு 10 மி.மீ. குழலில் வரும் பை போதும். மடலுக்கு 15 மி.மீ. பெரிய கட்டி என்றால் என் தேர்வு தடித்த நைலான் பை.

பையை உதரவிதானத்தின் மேல் விரியுங்கள், வாய் கேமராவுக்குத் தெரியட்டும். மடலைக் கட்டி இல்லாத ஓரத்தில் ரிங் ஃபோர்செப்ஸால் பிடித்து உள்ளே விடுங்கள். சுருக்கை இறுக்கும் முன் மிச்ச நுரையீரல் வாயில் சிக்கவில்லை என்று பார்த்துவிடுங்கள்.

பலரும் திணறுவது வெளியே இழுக்கும்போதுதான். முன்பக்க வெட்டு வழியாகவே எடுங்கள். விலா இடைவெளி அங்கேதான் அகலம். பையின் வாயை வெளியே கொண்டுவந்து பிரித்து, உள்ளே இருக்கும் இரத்தத்தை சக்‌ஷனால் உறிஞ்சுங்கள். மடலின் மெல்லிய நுனியைத் தேடிப் பிடித்து அதை முதலில் வெளியே விடுங்கள். நேராக இழுக்காமல் இடமும் வலமுமாக அசைத்து அசைத்து எடுக்க வேண்டும். மடலின் பருத்த பகுதி முதலில் வந்து விலா எலும்பில் முட்டும்போது பலம் போட்டால்தான் பை கிழிகிறது.

அப்படியும் வரவில்லையா? தோல் வெட்டு 4 செ.மீ.யாகவே இருக்கட்டும். உள்ளே விலா இடைத் தசையை இருபுறமும் இன்னும் கொஞ்சம் பிரியுங்கள், எப்போதும் கீழ் விலாவின் மேல் விளிம்பை ஒட்டியே. நரம்பும் நாளங்களும் மேல் விலாவின் அடியில் ஓடுகின்றன. பெரும்பாலும் இது போதும். போதாவிட்டால் தோல் வெட்டை 1 செ.மீ. நீட்டுங்கள். ரிப் ஸ்ப்ரெடர் (விலாக்களை விரிக்கும் கருவி) வேண்டாம். நரம்பு நசுங்கினால் நோயாளிக்கு மாதக்கணக்கில் வலி. பைக்குள்ளேயே மடலைத் துண்டு போடுவதும் கூடாது. கட்டியின் அளவும் ப்ளூரா (நுரையீரல் உறை) வரை பரவியதா என்பதும் பேத்தாலஜிஸ்ட்டுக்குத் தெரியாமல் போகும்.

வெளியே வந்த பையில் சலைன் ஊற்றிக் கசிவு பாருங்கள். கசிந்தால் காயத்தையும் மார்புக்கூட்டையும் நன்றாகக் கழுவி, ஆபரேஷன் நோட்ஸில் எழுதுங்கள். கையுறையை மாற்றுங்கள்.

பை கைவசம் இல்லாத இடத்தில் பவுடர் இல்லாத ஸ்டெரைல் கையுறையின் விரல்களை அடியில் கட்டிப் பயன்படுத்தலாமா என்று கேட்கிறார்கள். சின்ன வெட்ஜுக்கு மட்டும் சரி, மடலுக்குத் தாங்காது.

மூச்சுக்குழல் வெட்டு முனையில் ஒரு தையல் போட்டு அடையாளம் வையுங்கள். அறுவை நடக்கும்போதே உறையவைத்துப் பரிசோதிக்கும் ஃப்ரோஸன் செக்‌ஷனுக்குப் போவது ஃபார்மலினில் விழக்கூடாது. நிணநீர்க் கணுக்களை ஸ்டேஷன் எண் (எந்த இடத்துக் கணு என்பதைக் குறிக்கும் எண்) எழுதித் தனித்தனி டப்பாவில் அனுப்புங்கள்.