மக்கன் பேடா பெட்டிக்குப் படம் வாங்க, முள்ளுக் கத்திரிக்காய்ப் படம் விற்க: ஸ்டாக் போட்டோ செய்முறை

கூகுளில் தேடி எடுத்த படத்தைக் கடை பிளெக்ஸில் போடாதீர்கள். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, புகைப்படம் எடுத்தவரின் வாழ்நாள் முழுவதும், அவர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகளும் அதன் உரிமை பாதுகாக்கப்படுகிறது. எடுத்தவர் பெயரை ஓரத்தில் அச்சிட்டாலும் அது அனுமதி ஆகிவிடாது. ஸ்டாக் தளத்தில் (படங்களைப் பயன்படுத்தும் உரிமையை விற்கும் இணையதளம்) பணம் கட்டும்போது அந்த அனுமதியைத்தான் வாங்குகிறோம். படம் எடுத்தவருக்கே சொந்தம்.

முதலில் வாங்குகிறவர்களுக்கு.

படி 1: தேடும்போதே 'எடிடோரியல்' படங்களை வடிகட்டி ஒதுக்குங்கள். அவை செய்திக்கும் கட்டுரைக்கும் மட்டும், விளம்பரத்துக்கு ஆகாது.

படி 2: அளவு. ஏ4 நோட்டீஸுக்கு 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) வேண்டும், அதாவது 2480 × 3508 பிக்சல். பத்தடி அகல பிளெக்ஸைத் தூரத்திலிருந்து பார்ப்பதால் 40 டிபிஐ போதும். 4800 பிக்சல் அகலத்தில் வேலை முடிந்துவிடும்.

படி 3: லைசென்ஸ். பலரும் தடுக்கி விழுவது இங்கேதான். ஷட்டர்ஸ்டாக், அடோபி ஸ்டாக் ஆகிய இரண்டு தளங்களிலும் ஸ்டாண்டர்ட் லைசென்ஸில் 5 லட்சம் பிரதி வரை அச்சிடலாம். ஆற்காடு மக்கன் பேடா பெட்டி மேல் ஒரு படம் இருந்தால், வாங்குகிறவர் காசு கொடுப்பது பேடாவுக்கு. அதற்கு ஸ்டாண்டர்ட் போதும். படத்தைக் காலண்டராக்கி விலைக்கு விற்றாலோ, டி-ஷர்ட்டிலும் காபி கப்பிலும் அச்சிட்டு விற்றாலோ, அங்கே விலைபோவது படம். எக்ஸ்டெண்டட் லைசென்ஸ் (ஷட்டர்ஸ்டாக்கில் இதன் பெயர் என்ஹான்ஸ்டு) வாங்கியாக வேண்டும். எந்த லைசென்ஸ் எடுத்தாலும் ஸ்டாக் படத்தைக் கடையின் லோகோவாக வைக்க முடியாது.

டிசைன் கடைக்காரர்கள் கவனிக்க: ஒரு வாடிக்கையாளருக்காக வாங்கிய படத்தை அடுத்தவருக்குப் போட்டால் மறுபடி லைசென்ஸ் வாங்க வேண்டும்.

நம் வேலூர் மருத்துவமனைகளும் லேப்களும் நிறைந்த ஊர் என்பதால் இதையும் சொல்லியாக வேண்டும். படத்தில் உள்ள மாடலை ஒரு நோயால் அவதிப்படுகிறவராகக் காட்டுவதைத் தளங்கள் தடுக்கின்றன. சிலவற்றில் 'படத்தில் இருப்பவர் மாடல்' என்ற குறிப்புடன் மட்டும் அனுமதி. சர்க்கரை நோய், குழந்தையின்மை போன்ற விளம்பரங்களுக்கு முகம் இல்லாத படமே பாதுகாப்பு. குளுக்கோமீட்டர், கை, மாத்திரைப் பட்டை போதும்.

படி 4: பில், பட எண், பதிவிறக்கிய தேதி மூன்றையும் படத்தோடு ஒரே போல்டரில் வையுங்கள். பதிப்புரிமை மீறல் என்று நோட்டீஸ் வந்தால் காட்ட வேண்டியது இவைதான்.

இனி விற்பனை.

வேலூர்க் கோட்டையும் அகழியும் எல்லோரும் எடுக்கும் படம். (உள்ளே கேமரா முக்காலி வைக்கத் தொல்லியல் துறை அனுமதி வேண்டும்.) வெள்ளைப் பின்னணியில் இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய், ஆம்பூரில் தோல் தைக்கும் கைகள், குடியாத்தத்தில் லுங்கித் தறி: ஒரு நிறுவனம் தன் விளம்பரத்துக்குத் தேடுவது இப்படிப்பட்ட படங்களை.

குறைந்தது 4 மெகாபிக்சல், ஜேபெக் கோப்பு, எஸ்ஆர்ஜிபி வண்ண முறை. அனுப்பும் முன் 100% அளவில் பெரிதாக்கி, நிழல் பகுதியில் நாய்ஸ் (புள்ளிப் பிசிறு) இருக்கிறதா என்று பாருங்கள். ஷூவின் அடியில், தையல் மெஷினில், சாக்கில் உள்ள பிராண்ட் பெயர்களை அழியுங்கள். சுவரில் தொங்கும் காலண்டர் சாமி படமும் இன்னொருவர் வரைந்த ஓவியம். எடுக்கும் முன்பே கழற்றி வையுங்கள்.

அடையாளம் தெரியும் ஒவ்வொருவரிடமும் மாடல் ரிலீஸ் (படத்தைப் பயன்படுத்தச் சம்மதிக்கும் படிவம்) வேண்டும். 18 வயதுக்குள் என்றால் பெற்றோர் கையெழுத்து. படிவம் ஆங்கிலத்தில் இருக்கும். 'உங்கள் முகம் ஏதோ ஒரு விளம்பரத்தில் வரலாம்' என்று தமிழில் விளக்கிய பிறகே கையெழுத்து வாங்குங்கள், அதுதான் நியாயம். பட்டறைக்குள் எடுத்தால் உரிமையாளரிடம் ப்ராப்பர்ட்டி ரிலீஸும் (இடத்துக்கான சம்மதப் படிவம்) வாங்குங்கள்.

அடுத்தது பெயர். நாம் இனிஷியலோடு எழுதுவோம். பான் கார்டில் அப்பா பெயர் முழுதாக விரிந்திருக்கும். தளத்தில் ஒன்று, ரிலீஸில் ஒன்று, வங்கியில் ஒன்று என்றிருந்தால் எங்காவது ஓரிடத்தில் நிறுத்திவிடுவார்கள். கணக்குத் தொடங்கும்போதே பான் கார்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து போடுங்கள். தளம் கேட்கும் அமெரிக்க வரிப் படிவம் டபிள்யூ-8பிஇஎன். வெளிநாட்டு வரி எண் கேட்கும் இடத்தில் பான் எண். இந்தியா–அமெரிக்கா வரி ஒப்பந்தத்தைக் குறிப்பிட்டு நிரப்பினால், அமெரிக்காவில் விற்றதில் 30%க்குப் பதில் 15% பிடிப்பார்கள்.

தலைப்பையும் கீவேர்டையும் (தேடுசொல்) டிஜிகேம் போன்ற இலவச மென்பொருளில் படத்துக்குள்ளேயே ஐபிடிசி தகவலாக (கோப்போடு சேர்ந்தே போகும் விவரக் குறிப்பு) எழுதுங்கள். எல்லாத் தளமும் அதைப் படித்துக்கொள்ளும். அடோபியில் 49 கீவேர்ட் வரை போடலாம், முதல் 10 முக்கியம். 25 பொருத்தமான சொற்கள் போதும், நிரப்புவதற்காக நிரப்பாதீர்கள்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் அடோபியில் தொடங்குவது நல்லது. அங்கே புகைப்படம் விற்ற தொகையில் 33% நமக்கு. ஷட்டர்ஸ்டாக்கில் 15%இல் தொடங்கி 40% வரை ஏறும், ஆனால் ஒவ்வொரு ஜனவரி 1 அன்றும் மறுபடி அடிமட்டத்துக்கு வந்துவிடும்.

பின்சேர்க்கை: போனில் எடுத்ததை அனுப்பலாமா என்று கேட்கிறார்கள். அனுப்பலாம், போர்ட்ரெய்ட் மோடு வேண்டாம். முடியோரங்கள் பிசிறி நிராகரிக்கப்படும். கணினிக்கு மாற்ற வாட்ஸ்அப்பில் சாதாரணத் தரத்தில் அனுப்பினால் படம் சுருங்கி 4 மெகாபிக்சலுக்குக் கீழே போய்விடும். கேபிளில் மாற்றுங்கள், இல்லையென்றால் டாக்குமெண்டாக அனுப்புங்கள்.