உலகத்துக்கு மாதிரியாக ஒரு நாடு: தேர்ந்தெடுப்பது எப்படி?

உலகம் முழுவதற்கும் பதிலாக ஒரே ஒரு நாட்டைக் காட்ட வேண்டும் என்றால் எதைக் காட்டுவீர்கள்? பள்ளிக் கண்காட்சி நெருங்கும்போது பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் கொடுக்கிற வேலை இது. நான் சமூக அறிவியல் டீச்சர், குலசேகரம் பக்கம் ஒரு பள்ளியில். கேள்வியைப் போட்ட உடனே பாதி வகுப்பு "துபாய், டீச்சர்!" என்று கத்தும். மாமாவோ சித்தப்பாவோ வளைகுடாவில் இல்லாத வீடு இங்கே குறைவு, அதனால் அவர்களைக் குறை சொல்ல முடியாது.

சரி, துபாய் நாடு இல்லை, ஐக்கிய அரபு அமீரகம் என்று வைத்துக்கொள்வோம். உலகத்தின் எல்லா மூலையிலிருந்தும் ஆட்கள் அங்கே இருப்பது உண்மை. மக்கள்தொகையில் பத்தில் ஒன்பது பேருக்குப் பக்கம் வெளிநாட்டவர்கள். ஆனால் அங்கே மூன்றில் இரண்டு பங்கு ஆண்கள். உலகத்தில் ஆணும் பெண்ணும் ஏறத்தாழ சரிபாதி. வயதானவர்களும் அங்கே மிகக் குறைவு. வேலை முடிந்தால் ஊருக்குத் திரும்பிவிடுகிறார்கள். ஆக, பல நாட்டுக்காரர்கள் கூடியிருப்பதால் மட்டும் ஒரு நாடு உலகம் மாதிரி ஆகிவிடாது.

எனவே நாடுகளின் பெயரைத் தொடுவதற்கு முன்பே, எந்த அளவுகளை வைத்துப் பார்க்கப் போகிறீர்கள் என்று நோட்டில் எழுதிவிடுங்கள். நாட்டை முதலில் நினைத்துக்கொண்டால் அதற்குச் சாதகமான அளவுகளைத்தான் கை தேடும். ஐந்தாறு அளவு போதும். நான் எடுப்பவை: நடு வயது (மக்களில் பாதிப் பேர் இந்த வயதுக்குக் கீழே, பாதிப் பேர் மேலே), சராசரி ஆயுள், ஒரு பெண்ணுக்குப் பிறக்கும் குழந்தைகள், நகரத்தில் வாழ்வோர் சதவீதம், மக்கள் நெருக்கம், வருமான ஏற்றத்தாழ்வு. மதம், மொழி, நிலம் ஆகியவற்றைத் தனியாகப் பிறகு பார்க்கலாம்.

அடுத்து, உலகத்தின் எண்களை மேலே எழுதுங்கள். ஐக்கிய நாடுகள் சபையின் மக்கள்தொகைப் பிரிவும் உலக வங்கியும் இவற்றை இலவசமாகவே தருகின்றன. இன்றைய நிலவரம் சுமாராக இப்படி: மக்கள் 800 கோடிக்கு மேல், நடு வயது 30ஐ ஒட்டி, ஆயுள் 73, ஒரு பெண்ணுக்கு 2.3 குழந்தைகள், நகரத்தில் 57 சதவீதம், சதுர கிலோமீட்டருக்கு 60 பேர் போல. எல்லா நாட்டுக்கும் ஒரே இடத்திலிருந்து, ஒரே ஆண்டின் எண்ணை எடுக்க வேண்டும். ஒரு நாட்டுக்கு 2011, இன்னொன்றுக்கு 2023 என்று கலந்தால் ஒப்பீடே கிடையாது.

நகர சதவீதத்தை மட்டும் கொஞ்சம் சந்தேகத்தோடு பாருங்கள். நம் மாவட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2011 கணக்கெடுப்பின்படி குமரி மக்களில் 80 சதவீதத்துக்கும் மேல் நகரவாசிகள். மார்த்தாண்டத்திலிருந்து பேச்சிப்பாறைக்குப் பஸ்ஸில் போனவர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். வழியெல்லாம் ரப்பர், வாழை, தென்னை. ஆனால் இங்கே ஐம்பதுக்கும் மேற்பட்ட பேரூராட்சிகள். பேரூராட்சி என்றாலே கணக்கில் அது நகரம். இந்தியாவில் பேரூராட்சியாக இல்லாத ஊர் நகரமாக எண்ணப்பட வேண்டுமானால் 5,000 பேர் இருக்க வேண்டும், சதுர கிலோமீட்டருக்கு 400 பேர் வேண்டும், வேலை செய்யும் ஆண்களில் நான்கில் மூன்று பங்கு விவசாயம் அல்லாத தொழிலில் இருக்க வேண்டும். மற்ற நாடுகள் ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு விதி வைத்திருக்கிறது. அதனால் ஐந்து புள்ளி, பத்து புள்ளி வித்தியாசத்துக்கெல்லாம் அந்த அளவில் சண்டை போட வேண்டாம்.

இப்போது நாடுகளை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றும் உலக எண்ணிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று பாருங்கள். வித்தியாசங்களை அப்படியே கூட்டாதீர்கள். இந்தியாவின் மக்கள் நெருக்கம் உலக எண்ணிலிருந்து 400க்கு மேல் தள்ளி நிற்கும், நடு வயதோ இரண்டு ஆண்டுதான் தள்ளி நிற்கும். இரண்டையும் கூட்டுவது கிலோவையும் லிட்டரையும் கூட்டுவது போல. பிள்ளைகளுக்கு எளிய வழி, இடம் கொடுப்பது. ஒவ்வொரு அளவிலும் உலகத்துக்கு மிக அருகில் இருக்கும் நாட்டுக்கு 1, அடுத்ததற்கு 2 என்று போட்டுக்கொண்டே போய், கடைசியில் இடங்களைக் கூட்டுங்கள். கூட்டுத்தொகை குறைந்த நாடு முன்னுக்கு வரும். கால்குலேட்டர்கூடத் தேவையில்லை.

முதல் ஐந்து அளவுகளை மட்டும் வைத்து, பெரிய நாடுகளுக்குள் இப்படிச் செய்தால் இந்தோனேசியா நன்றாக மேலே வரும். நடு வயது 30 போல, ஆயுள் 71, குழந்தைகள் 2.1, நகரத்தில் 60 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. பிரேசிலில் 87 சதவீதம் பேர் நகரத்தில், குழந்தை எண்ணிக்கையும் இரண்டுக்குக் கீழே போய்விட்டது. நைஜீரியாவின் நடு வயது 18 போல, ஜப்பானின் நடு வயது 50ஐ நெருங்குகிறது. இந்த இரண்டும் இரு ஓரங்கள், பேச்சே வேண்டாம். மொழியிலும் இந்தோனேசியாவுக்குப் பலம் உண்டு. உலகத்தின் ஏழாயிரத்துச் சொச்சம் மொழிகளில் எழுநூறுக்கு மேல் அங்கே.

பெரும்பாலானவர்கள் இந்த இடத்தில் பேனாவை மூடிவிடுவார்கள். மூட வேண்டாம். சராசரி ஒத்துப்போனால் போதுமா? நம் மாவட்டத்து மழையை எடுங்கள். பேச்சிப்பாறை மலையோரத்தில் கொட்டுகிற மழை வேறு, காற்றாலை சுற்றுகிற ஆரல்வாய்மொழிப் பக்கம் பெய்கிற மழை வேறு. இரண்டையும் சேர்த்து வருகிற சராசரியை வைத்துத் தோவாளையில் பூ பயிரிடவும் முடியாது, திருவட்டாறில் ரப்பர் வெட்டவும் முடியாது. உலகமும் அப்படித்தான். உலக வருமானத்தில் பாதிக்கும் மேல் மேலேயுள்ள 10 சதவீதம் பேருக்குப் போகிறது. கீழ்ப் பாதி மக்களுக்கு 10 சதவீதம்கூடக் கிடைப்பதில்லை. இந்த இடைவெளிதான் உலகத்தின் முக்கிய அடையாளம் என்பது என் கட்சி. அதனால் ஆறாவது அளவுக்கு நான் இரட்டை மதிப்பு கொடுப்பேன்.

இடைவெளியை அளக்கக் கினி குறியீடு இருக்கிறது. எல்லோருக்கும் ஒரே வருமானம் என்றால் 0, ஒருவனே எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டால் 100. உலக மக்கள் எல்லோரையும் ஒரே நாட்டுக்காரர்களாக நினைத்துக் கணக்கிட்டால் 60ஐ ஒட்டி வரும். இந்தோனேசியா 40க்குக் கீழே. பிரேசில் 50க்கு மேல். தென்னாப்பிரிக்கா 63, உலக வங்கியின் பட்டியலில் இதுதான் உச்சம். ஜோகன்னஸ்பர்க்கில் சாண்ட்டன் என்ற பணக்காரப் பகுதியும் அலெக்சாண்ட்ரா என்ற ஏழைக் குடியிருப்பும் அக்கம்பக்கம்தான், நடுவில் ஒரு நெடுஞ்சாலை. அந்த நாட்டின் மற்ற எண்களும் மோசமில்லை: நடு வயது 28, குழந்தைகள் 2.2, நகரத்தில் மூன்றில் இரண்டு பங்கு. ஆயுள் 66தான், அங்கே இடறும். 2023இல் சைகை மொழியையும் சேர்த்ததில் ஆட்சி மொழிகள் 12. என் ஓட்டு தென்னாப்பிரிக்காவுக்கு. பிள்ளைகள் இந்தோனேசியாவுக்குப் போட்டாலும் கணக்கு சரியாக இருந்தால் முழு மதிப்பெண் உண்டு.

மதக் கலவை முக்கியம் என்பவர்கள் தென்னமெரிக்காவின் சுரிநாமைப் பார்க்கலாம். 2012 கணக்கெடுப்பில் கிறிஸ்தவர்கள் 48 சதவீதம், இந்துக்கள் 22, முஸ்லிம்கள் 14. பரமாரிபோ நகரில் யூதர்களின் ஜெப ஆலயமும் மசூதியும் அடுத்தடுத்து நிற்கின்றன. வயது, ஆயுள் எண்களும் உலகத்துக்குப் பக்கம். ஆனால் சதுர கிலோமீட்டருக்கு நான்கு பேர், நாட்டில் 90 சதவீதத்துக்கு மேல் காடு. மொத்த மக்களே ஆறு லட்சம் சொச்சம்தான், நம் மாவட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு.

கண்காட்சியில் நடுவர் கட்டாயம் கேட்கிற கேள்வி: "ஏன் இந்தியா இல்லை? உலகத்தில் ஆறில் ஒருவர் இந்தியர் ஆயிற்றே?" இதற்குப் பதிலை முன்கூட்டியே தயார் செய்து வையுங்கள். பெரிய நாடு உலகச் சராசரிக்குள் தானும் இருக்கிறது, அதைத் தன் பக்கம் இழுக்கிறது. அதனால் இந்தியாவைச் சோதிக்கும்போது இந்தியாவை நீக்கிவிட்ட உலகத்தோடு ஒப்பிடுவதுதான் நியாயம். நீக்கிப் பார்த்தால் நகர சதவீதம் 57லிருந்து 61, 62 ஆகிவிடும். இந்தியாவில் அது 36 போல. நெருக்கத்திலோ சொல்லவே வேண்டாம். இந்தோனேசியாவையும் தென்னாப்பிரிக்காவையும் இப்படி நீக்கிப் பாருங்கள், உலக எண்கள் கிட்டத்தட்ட அசையாது. அந்தக் கணக்கை அட்டையின் ஓரத்தில், எடுத்த ஆண்டோடு எழுதி ஒட்டிவிடுங்கள்.