நான்கு பைட் பிசகு

மிப்ஸ் செயலிக்கு நானே ஒரு சிமுலேட்டர் (அதைப் போலவே கட்டளைகளை ஓட்டிக் காட்டும் நிரல்) எழுதினேன். கூட்டல், கழித்தல் எல்லாம் சரி. சின்ன லூப் ஒன்றைக் கொடுத்ததும் புரோகிராம் கவுன்டர் (எந்த முகவரியில் உள்ள கட்டளையை ஓட்ட வேண்டும் என்று சொல்லும் எண்) 262148-க்குப் போய் நின்றது. என் நிரலோ மொத்தம் 6 கட்டளைகள்தான்!

லூப்பின் தொடக்கத்துக்குத் திருப்பி அனுப்புவது பிரான்ச் கட்டளை; அது ஐ வகை என்ற அமைப்பில் இருக்கும். அதன் 32 பிட்டையும் தாளில் பிரித்து எழுதினேன்: ஆப்கோடு (என்ன வேலை என்று சொல்லும் பகுதி) 6, இரண்டு ரெஜிஸ்டர்களுக்கு (செயலிக்குள் இருக்கும் சின்னச் சேமிப்பிடங்கள்) தலா 5, மீதி 16 எத்தனை கட்டளை தள்ளிப் போக வேண்டும் என்ற தூரம். அந்தத் தூரம் -3. அதை நான் குறியில்லா எண்ணாகப் படித்ததால் 65533 ஆகிவிட்டது. குறி மாறாமல் இருக்க, மேல் பிட்டையே திரும்பத் திரும்ப இட்டு 32 பிட் வரை நீட்டினேன்.

அப்புறமும் லூப் முடியவில்லை. இதுதான் என்னை ரொம்ப நேரம் உட்கார வைத்தது. பிரான்ச் கட்டளை இருந்தது முகவரி 16-இல். திரும்ப வேண்டிய இடம் 8. ஆனால் 16-இலிருந்து மூன்று கட்டளை, அதாவது 12 பைட், பின்னால் போனால் 4. அங்கேதான் எண்ணிக்கையைத் தொடங்கி வைக்கும் கட்டளை இருந்தது. ஒவ்வொரு சுற்றிலும் எண்ணிக்கை மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது.

மிப்ஸில் தூரம் கணக்கிடப்படுவது அடுத்த கட்டளையின் முகவரியிலிருந்து. (ரிஸ்க்-ஃபைவ் என்ற இன்னொரு செயலி வகையில் அப்படியில்லை, பிரான்ச் கட்டளையின் சொந்த முகவரியிலிருந்தே.) கட்டளையை எடுத்தவுடனேயே கவுன்டரில் 4 கூட்டும்படி மாற்றினேன். 20-இலிருந்து 12 போக 8. லூப் பத்துச் சுற்று ஓடி ஒழுங்காக நின்றது.