பென்சில் இல்லாமல் காட்டுக்குப் போகாதீர்கள்

மேலகிரி மலை ஓடைகளில் நான்கு நாள் அலைந்து பதினைந்து குப்பி நிறைய நீர்ப்பூச்சி பிடித்தேன். ஆய்வகத்துக்கு வந்து பார்த்தால், குப்பிக்குள் போட்ட சீட்டெல்லாம் வெள்ளையாக இருந்தது, பூச்சி கெடாமல் இருக்க ஊற்றிய எத்தனால் லேசான நீலமாக இருந்தது. பால்பாயிண்ட் மை எத்தனாலில் கரையும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. என்ன பூச்சி என்று நுண்ணோக்கியில் பார்த்துச் சொல்லிவிடலாம். எந்த ஓடைப் பூச்சி என்று எதை வைத்துச் சொல்வது? பதினைந்து குப்பியும் வீண்.

பென்சில் கரி கரையாது. கெட்டியான தாளில் பென்சிலால் இடம், தேதி, பிடித்தவர் பெயர் எழுதிக் குப்பிக்கு உள்ளேயே போடுங்கள். வெளியே ஒட்டிய சீட்டு ஜீப் குலுக்கலில் உரிந்துவிடும். பின்னால் டி.என்.ஏ. பார்க்கும் எண்ணம் இருந்தால் ஃபார்மலின் பக்கமே போக வேண்டாம், அது டி.என்.ஏ.வைக் கெடுத்துவிடும்.

கணக்கில் தப்பு வந்தால் கணினி முன் உட்கார்ந்து மறுபடி போட்டுக்கொள்ளலாம். அந்த இடத்தில் அந்த நாளில் எழுதாமல் விட்டதைத் திரும்ப எடுக்க வழியில்லை. தருமபுரி, கிருஷ்ணகிரிக் காடுகளுக்கு வரும் முதுகலை மாணவர்களிடம் நான் பார்க்கும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த வகைதான்.

அதில் பெரியது, கல்லூரி நாட்காட்டியை வைத்துக்கொண்டு காட்டை அளப்பது. விடுமுறை கிடைப்பது ஏப்ரல், மே மாதங்களில். உடனே தளி, ஜவளகிரி பக்கம் பத்து நாள் நடந்துவிட்டு, 'இப்பகுதியில் யானை நடமாட்டம் குறைவு' என்று எழுதிவிடுகிறார்கள். கர்நாடகத்தின் பன்னேர்கட்டா பக்கமிருந்து யானைக் கூட்டங்கள் இந்தப் பக்கம் இறங்குவது ஐப்பசி, கார்த்திகையில், ராகி கதிர் முற்றும் நேரத்தில். அந்த மாதங்களில் பரண் மேல் ராக்காவல் கிடப்பவரிடம் உங்கள் அறிக்கையைப் படித்துக் காட்டினால் சிரிப்பார். 'நான் பார்க்கவில்லை' வேறு, 'இல்லை' வேறு. எத்தனை நாள், எத்தனை மணி நேரம், எத்தனை கிலோமீட்டர் நடந்தீர்கள் என்பதை, ஒன்றுமே தென்படாத நாளிலும் எழுதி வையுங்கள். அந்தச் சுழியமும் தரவுதான்.

யானை லத்தியை எண்ணிக் கணக்கிடுபவர்களுக்கும் இதே சிக்கல் உண்டு. லத்திகளின் எண்ணிக்கையை யானைகளின் எண்ணிக்கையாக மாற்ற, ஒரு யானை நாளுக்கு எத்தனை முறை லத்தி போடும், அது மக்கி மறைய எத்தனை நாள் ஆகும் என்ற இரண்டும் தெரிய வேண்டும். மறையும் வேகம் மழையையும் நிழலையும் சாணவண்டையும் பொறுத்தது. எங்கோ ஈரக்காட்டில் அளந்த எண்ணை அஞ்செட்டியின் வறண்ட காட்டுக்கு இரவல் வாங்கினால், மீதிக் கணக்கை எவ்வளவு ஒழுங்காகப் போட்டாலும் விடை தப்புதான். புது லத்திகளை அடையாளம் வைத்து நீங்களே பின்தொடர வேண்டும். அலுப்பான வேலைதான், ஆனால் குறுக்குவழி கிடையாது.

ஜி.பி.எஸ். எண்களில் ஒரு சின்னக் குழப்பம் அடிக்கடி வருகிறது. ஒரு பாகைக்கு 60 கலை, ஆகவே 12 பாகை 30 கலை என்பது 12.5 பாகை. அதை 12.30 என்று கணினியில் ஏற்றிவிடுவார்கள். வித்தியாசம் சுமார் 22 கிலோமீட்டர். தேன்கனிக்கோட்டை அருகே பார்த்த பறவை வரைபடத்தில் அஞ்செட்டிப் பக்கம் போய் உட்கார்ந்திருக்கும்.

அனுமதி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயம் 2014-இலும் காவிரி தெற்கு 2022-இலும் அறிவிக்கப்பட்டவை. சரணாலயத்துக்குள் ஆய்வு செய்ய 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி எழுத்து அனுமதி வேண்டும், ரேஞ்சரைத் தெரியும் என்பது போதாது. ஒகேனக்கல்லில் பரிசல் ஏறி அக்கரையில் இறங்கினால் அது கர்நாடகம். நீர்நாய் எச்சம் தேடி இறங்கினாலும் சரி, உங்கள் தமிழ்நாட்டுக் கடிதம் அங்கே செல்லாது.

வெப்பத்தையும் அசைவையும் உணர்ந்து தானே படமெடுக்கும் தானியங்கிக் கேமராவை முழங்கால் உயரத்தில் கட்டச் சொன்னால் பலர் தங்கள் மார்பு உயரத்தில் கட்டிவிட்டு வருகிறார்கள். கிழக்கையோ மேற்கையோ பார்த்து வைத்தால் வெயில் நேராக விழும். சூடேறிய புல் காற்றில் ஆடினாலே கேமரா அதை விலங்கு என்று எடுத்துக்கொள்ளும், கார்டு முழுக்கப் புல்தான் இருக்கும். எதிரே உள்ள புல்லை வெட்டிவிட்டு, நீங்களே முட்டிபோட்டுத் தவழ்ந்து படம் விழுகிறதா என்று பாருங்கள். சிறுத்தையின் இடப்பக்கப் புள்ளிகளும் வலப்பக்கப் புள்ளிகளும் வேறு வேறு. தனித்தனிச் சிறுத்தைகளை எண்ண வேண்டுமானால் பாதையின் இருபுறமும் கேமரா வேண்டும். பேட்டரி மாற்றியதும் தேதி, நேரத்தைச் சரிபாருங்கள்.

அப்புறம், ஊர்க்காரர்களிடம் பேசுவது. 'இங்கே சிறுத்தை இருக்கா?' என்று கேட்டால் ஆம் என்றே பதில் வரும், வந்தவர் மனம் கோணக் கூடாதே. இந்தப் பக்கத்தில் தமிழோடு கன்னடமும் தெலுங்கும் கலந்து பேசுவார்கள். தமிழ் பேசுபவர் பலருக்குச் சிறுத்தையும் 'புலி'தான். தெலுங்கு வீட்டில் 'புலி' என்றால் பெரும்பாலும் வரிப்புலி, சிறுத்தைக்குத் தனிப் பெயர் உண்டு. ஒரே சொல், இரண்டு விலங்கு. அதனால் பெயரைக் கேட்காமல், கடைசியாகப் பார்த்ததை அவர் போக்கில் சொல்லச் சொல்லுங்கள், படங்களைக் கலைத்துப் போட்டு எடுக்கச் சொல்லுங்கள். காக்கியோ பச்சையோ உடுத்திப் போக வேண்டாம். 'நான் ஃபாரஸ்ட் ஆள் இல்லீங்க, நஷ்டஈடு என் கையில இல்ல' என்பதை முதலிலேயே சொல்லிவிட்டால், பயிர்ச்சேதக் கணக்கு கூடவும் குறையவும் காரணம் இருக்காது.

பாதுகாப்புப் பணி என்று இறங்குபவர்களுக்கு உண்ணிச்செடி (லாண்டானா என்னும் வெளிநாட்டுக் களைச்செடி) பெரிய பொறி. அரிவாளால் தண்டை வெட்டிப் படம் எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள், அடுத்த மழையில் அது முன்னைவிட அடர்ந்து தழைக்கும். வேரும் தண்டும் சேரும் கழுத்துக்குக் கீழே வெட்டி, தலைகீழாகப் போட்டுக் காயவிட வேண்டும். பழம் பிடிக்கும் முன்பே செய்ய வேண்டும், இல்லாவிட்டால் பறவைகள் விதையைப் பரப்பிவிடும். அடுத்த சில ஆண்டுகள் மழைக்குப் பிறகு போய் முளைத்ததைப் பிடுங்கவும் ஆள் வேண்டும். அந்த ஏற்பாடு இல்லாத குழு வேலையைத் தொடங்காமல் இருப்பதே மேல் என்பது என் கருத்து. புதர்க்காட்டைப் பார்த்ததும் 'வெறும் நிலம்' என்று மரக்கன்று நடக் கிளம்புவதையும் விட்டுவிடுங்கள். நட்சத்திர ஆமைக்கு அந்தப் புதரும் புல்லும்தான் வீடு.

ஆமையைப் பார்த்தால் எல்லோரும் போனில் படம் எடுப்போம், நானும் எடுப்பேன். அதைக் குழுவில் போடும் முன் போனில் இருப்பிடப் பதிவை அணைத்துவிட்டீர்களா என்று பாருங்கள். ஆமையை விலைக்குப் பிடிப்பவன் கையிலும் போன் இருக்கிறது. பின்னால் தெரியும் பாறையையோ கோயிலையோ பார்த்தே இடத்தைச் சொல்லிவிடும் ஆட்களும் உண்டு, அதனால் தரையோடு ஒட்டி எடுங்கள்.