பழைய கோலிக்குண்டு சேர்க்கலாம், வாங்க

எங்கள் ஊர் கேரளத்தில் பாலக்காட்டுப் பக்கம் உள்ள கொழிஞ்சாம்பாறை. வீட்டில் தமிழ், கடைத்தெருவில் பாதி மலையாளம். கோலிக்குண்டு மட்டும் இரண்டு பக்கப் பிள்ளைகளுக்கும் பொது. பழைய குண்டுகளைச் சேர்க்க ஆசைப்படுகிறவர்கள் இப்படித் தொடங்கலாம்.

முதலில் காசு கொடுத்து எதையும் வாங்க வேண்டாம். தாத்தாவின் டிரங்குப் பெட்டி, பரணில் கிடக்கும் பிஸ்கட் டப்பா, பழைய சாமான் வாங்கி விற்கும் ஆக்ரிக் கடை ஆகிய மூன்றையும் தேடிப் பாருங்கள். ஆக்ரிக் கடையில் பழைய கோலி சோடா பாட்டில் கிடைத்தால் கோலிக்காக அதை உடைத்துவிடாதீர்கள், முழு பாட்டில்தான் அரிது. அந்த அமைப்புக்கு 1872-இல் காப்புரிமை வாங்கியவர் இங்கிலாந்துக்காரரான ஹைரம் காட். பாட்டிலைக் கவிழ்த்து வைத்து வாயு ஏற்றுவார்கள். உள்ளே உண்டாகும் அழுத்தம் கோலியைக் கழுத்திலுள்ள ரப்பர் வளையத்தோடு இறுக்கி அடைத்துவிடும்.

அடுத்து, கழுவுவது. வெதுவெதுப்பான தண்ணீரும் கொஞ்சம் சோப்பும் போதும். கொதிநீரில் போட்டால் கண்ணாடி விரிசல் விடலாம். சாம்பல், தேங்காய் நார் எதுவும் வேண்டாம். மெருகு போடவே கூடாது, ஏனென்று கீழே சொல்கிறேன்.

இப்போதுதான் முக்கியமான வேலை. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்றை எடுத்துக்கொண்டு, காலை வெயிலில் குண்டை மெதுவாக உருட்டிப் பாருங்கள். எங்காவது சொரசொரப்பான சின்ன வட்டத் தழும்பு இருக்கிறதா? இருந்தால் அது கையால் செய்த குண்டாக இருக்கலாம். ஜெர்மனியின் லௌஷா ஊரில் 19-ஆம் நூற்றாண்டில் வண்ணக் கண்ணாடிக் கம்பிகளை உருகிய கண்ணாடியில் பொதித்து, முறுக்கி, நீளமாக இழுத்து, நுனியில் கிண்ணம் வைத்த கத்தரிக்கோலால் ஒவ்வொரு குண்டாக வெட்டினார்கள். வெட்டுப்பட்ட இடத்தின் தழும்புதான் அது. உள்ளே வண்ண நாடாக்கள் ஒரு தழும்பிலிருந்து எதிர்த் தழும்புக்கு முறுக்கிக்கொண்டு ஓடும். இதை முதன்முதலில் பார்த்தபோது, அந்தக் கத்தரிக்கோல் பிடித்த கையையே பார்த்ததுபோல் இருந்தது எனக்கு.

தழும்பே இல்லையென்றால் அநேகமாக இயந்திரக் குண்டு. அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் மார்ட்டின் கிறிஸ்டென்சன் 1905-இல் இதற்கான இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். வரிப்பள்ளம் உள்ள உருளைகளுக்கு நடுவே சூடான கண்ணாடித் துண்டு உருண்டு உருண்டு வட்டமாகும். அவருடைய குண்டுகள் சிலவற்றின் மேல்முனையில் வண்ணம் 9 போலச் சுழித்திருக்கும். நம் தெருவில் அதிகம் உருண்ட பூனைக்கண் குண்டுகளும் இயந்திரத்தில் செய்தவைதான்.

சரி, தழும்பு இருந்தாலே பழசா? இல்லை. இன்றும் கையால் குண்டு செய்கிற கலைஞர்கள் இருக்கிறார்கள். அதனால் தேய்மானத்தையும் பாருங்கள். மண்ணில் ஆடிய குண்டில் பிறை வடிவில் சின்னச் சின்னதாக அடிபட்ட தடங்கள் பரவலாக இருக்கும். மெருகு போட்டால் தழும்பும் தடமும் சேர்ந்தே அழிந்துவிடும்.

அப்புறம், குண்டோடு குண்டு உரசாமல் ஒவ்வொன்றையும் பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். விட்டத்தை மில்லிமீட்டரில் அளந்து, நிறம், யார் கொடுத்தது, எந்த ஊர் என்று அன்றைக்கே நோட்டில் எழுதிவிடுங்கள். என் நோட்டின் முதல் வரி: “பச்சை, 16 மி.மீ., மீனாட்சிபுரம், அத்தை வீட்டு அரிசிப் பானையிலிருந்து.”