அணைத்த பின்னும் மங்கலாக எரியும் எல்.இ.டி.: கசிவைக் கண்டறியும் முறை

மும்பையின் ஜூலை மழையில், மாட்டுங்கா வீட்டுப் பூஜை அறைக்கு நான் செய்திருந்த சிறு விளக்கு, ஸ்விட்சை அணைத்த பிறகும் இருட்டில் மங்கலாக எரிந்துகொண்டே இருந்தது. டிரான்சிஸ்டர் கசிகிறது, அதாவது அணைத்த பின்னும் மின்சாரத்தை விடுகிறது என்று முடிவு செய்து, லாமிங்டன் ரோட்டில் வாங்கிய பி.சி.547 டிரான்சிஸ்டரை மூன்று முறை மாற்றியும் பலன் இல்லை.

சுற்று எளியது. 12 வோல்ட் மின்சாரம் 1 கிலோ ஓம் ரெசிஸ்டர், சிவப்பு எல்.இ.டி. ஆகியவற்றின் வழியாகக் கலெக்டருக்கு வருகிறது. எமிட்டர் கிரவுண்டில் இருக்கிறது. பேஸுக்கு ஸ்விட்சும் 22 கிலோ ஓம் ரெசிஸ்டரும். (கலெக்டர், பேஸ், எமிட்டர் என்பவை டிரான்சிஸ்டரின் மூன்று கால்கள்.)

முதலில், அணைத்த நிலையில் 1 கிலோ ஓம் ரெசிஸ்டரின் இரு முனைகளுக்கு இடையே மின்னழுத்தத்தை அளக்கவும். 1 மில்லிவோல்ட் என்றால் 1 மைக்ரோ ஆம்பியர். எனக்கு 180 மில்லிவோல்ட், அதாவது 180 மைக்ரோ ஆம்பியர் வந்தது. இதற்கு, திரையில் படம் காட்டும் சோதனைக் கருவிகளைவிட, 200 மில்லிவோல்ட் அளவு உள்ள சாதாரண டிஜிட்டல் மீட்டரையே நான் பரிந்துரைப்பேன். மீட்டரின் டயோடு சோதனையை மட்டும் நம்ப வேண்டாம். அது தருவது ஏறத்தாழ 3 வோல்ட்தான் என்பதால், 12 வோல்ட்டில் மட்டும் தலைகாட்டும் கசிவு அதில் தெரியாது.

அடுத்த படியில்தான் நான் பல நாள் தடுமாறினேன். பேஸையும் எமிட்டரையும் ஒரு கம்பித் துண்டால் இணைத்துப் பாருங்கள். அப்போதும் எரிந்தால் கசிவு டிரான்சிஸ்டருக்குள் இருக்கக்கூடும். உடனே அணைந்தால் டிரான்சிஸ்டர் பெரும்பாலும் நல்லது; வெளியிலிருந்து பேஸுக்குள் மின்னோட்டம் நுழையக்கூடும். எனக்கு அணைந்துவிட்டது. பி.சி.547-இன் கலெக்டர்-பேஸ் கசிவு 25 டிகிரியில் அதிகபட்சம் 15 நானோ ஆம்பியர் என்று தரவுத்தாள் சொல்கிறது. டிரான்சிஸ்டர் அதை 200 மடங்கு பெருக்கினாலும் 3 மைக்ரோ ஆம்பியர்தான். 180 எங்கிருந்து வந்தது? சால்டரிங்கின்போது படிந்த ஃப்ளக்ஸ் (ஈயம் ஒட்ட உதவும் பசை) மழைக்கால ஈரத்தை உறிஞ்சி, கலெக்டர் காலிலிருந்து பேஸுக்கு 1 மைக்ரோ ஆம்பியர் அளவுக்குக் கடத்தியிருக்கிறது. அதை டிரான்சிஸ்டரே பெருக்கிவிட்டது.

ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த பழைய பல் துலக்கியால் பலகையைத் தேய்த்து, நன்றாக உலர விடவும். பிறகு பேஸுக்கும் எமிட்டருக்கும் இடையே 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றைக் கட்டாயம் சேர்க்கவும். பேஸில் அரை வோல்ட் ஏறும் வரை, அதாவது 50 மைக்ரோ ஆம்பியர் வரை, வெளிக் கசிவு அதன் வழியே கிரவுண்டுக்குப் போய்விடும்.

பின்னர் சேர்த்தது: கம்பியால் இணைத்த பிறகும் விளக்கு எரிகிறது என்று ஒருவர் தம் பலகையைக் கொண்டுவந்தார். டிரான்சிஸ்டரில் பழுது இல்லை. கலெக்டரும் எமிட்டரும் இடம் மாறியிருந்தன. பி.சி.547-இன் எமிட்டர்-பேஸ் சந்தி தாங்கும் எதிர்மின்னழுத்தம் 6 வோல்ட்தான். 12 வோல்ட் சுற்றில் அது உடைந்து மின்சாரத்தை விட்டுவிடும். தட்டையான முகம் உங்களைப் பார்த்து, கால்கள் கீழே இருக்கும்போது, இடமிருந்து வலமாகக் கலெக்டர், பேஸ், எமிட்டர் என்பதை உறுதிசெய்த பிறகே டிரான்சிஸ்டரை மாற்றவும்.